அடுதல், ஆற்றுதல், அரித்தல்

பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பற்றிய பகுதியில் அரிசிக் கள் ஆக்கும் முறை ஏழே வரிகளில் இருக்கிறது. திண்டுக்கல்லில் பாடம் நடத்தும்போது அந்த இடத்தை நான் வேகமாகக் கடப்பதில்லை. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்ற வேண்டும். புற்றாஞ்சோறு போன்ற அடையைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட வேண்டும். பிறகு விரலால் அலைத்து, அரித்துப் பிழிய வேண்டும்.

இதில் ஆற்றுவதுதான் நுட்பம். நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் கொதிக்கும் களியில் செத்துப்போகும். பானையிலேயே மெல்ல ஆறட்டும் என்று விட்டாலோ, அந்த வெதுவெதுப்பில் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். இன்று வீட்டில் பியர் காய்ச்சப் பழகுகிறவர்கள் முளைகட்டிய பார்லியின் சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, செம்புக் குழாய்ச் சுருளால் ஏறக்குறைய 20 டிகிரிக்குக் குளிர்வித்த பிறகே ஈஸ்ட் சேர்க்கிறார்கள். அகன்ற பிழா செய்ததும் அதே வேலைதான். கம்பங்கூழைக் காய்ச்சி, ஆற்றி, இரவில் புளிக்கவிடும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்த வரிசையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

களியை ஆற்றியவர் யார்? அந்த வரிகளில் வினைகள் இருக்கின்றன, செய்தவர் இல்லை. அதே நூலில் சற்றுத் தள்ளிப் பட்டினத்துப் பகுதியில் கள் சமைக்கும் பெண்கள் வருகிறார்கள். ஆனால் அங்கே நாம் பார்ப்பது அவர்கள் வட்டில் கழுவுவதை; கழுவிய நீர் வழிந்த சேற்றில் பன்றிகள் புரள்வதை. கள்ளைக் கொடுத்த அதியமானுக்குப் பெயர் உண்டு. அவனோடு பருகிய ஔவைக்கும் பெயர் உண்டு. ஆக்கியவளுக்கு இல்லை.

மொழி மட்டும் அவளை மறக்கவில்லை. கள் ஆக்குவதை 'அடுதல்' என்கிறது. அடுப்பைத் தந்த வினை அது. அரித்ததால் அரியல், பிழிந்ததால் பிழி, தெளிந்ததால் தேறல். மதுவின் பெயர்கள் வேலையின் பெயர்கள். சுமேரியர் பியருக்கு நின்காசி என்ற பெண் தெய்வத்தை வைத்திருந்தார்கள். ஜார்கண்டில் சோற்றை ஆற்றி, ராணு கலந்து ஹண்டியா ஆக்குகிறவர்கள் இன்றும் பெண்கள்தான்.

நம் அண்மைய வரலாற்றை 1937இல் சேலத்தில் வந்த மதுவிலக்கு, 1971இல் அதன் தளர்வு, 1983இல் டாஸ்மாக், 2003இல் அரசே ஏற்ற சில்லறை விற்பனை என்று எழுதுகிறோம். இதில் பெண்கள் தோன்றுவது கடையை மூடச் சொல்லித் தெருவில் உட்காரும்போதுதான். நான் அவர்கள் பக்கம். குடியை மீட்கவேண்டும் என்பதல்ல என் வாதம். ஆக்கும் அறிவும் விற்கும் வருமானமும் ஆலைக்கும் அரசுக்கும் போயிருக்கின்றன. குடியின் இழப்பு மட்டும் பெண்ணின் வீட்டுக்கு வருகிறது. இந்தக் கணக்கைப் பார்க்க, முதலில் அந்த ஏழு வரிகளின் எழுவாயைத் தேட வேண்டும்.