செவித்திறன் குறைந்தோரின் சமூக வாழ்வு

பேசிக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு நடுவயதிலோ முதுமையிலோ காது மந்தமாகும்போது, குடும்பப் பேச்சு, நட்பு, விழா, கூட்டம் ஆகியவற்றில் தொடர்ந்து கலந்துகொள்வதில் எழும் சிக்கல்களும் அவற்றைச் சமாளிக்கும் வழிகளும் இத்தலைப்பில் அடங்கும். பிறவியிலேயே காது கேளாமல், சைகை மொழியில் வளர்ந்தவர்களின் நிலை வேறு. அவர்களுக்குத் தமக்கென ஒரு மொழியும் அதைப் பேசும் சமூகமும் உண்டு. இடையில் செவித்திறனை இழந்தவருக்கோ சைகை மொழி தெரியாது. தெரிந்த மொழியும் முழுதாக எட்டாது.

உலகச் சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட உலகச் செவித்திறன் அறிக்கையின்படி, 43 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் செவித்திறன் இழப்பு காரணமாக மறுவாழ்வு உதவி தேவைப்படுகிறது. 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் இந்த நிலையில் இருக்கிறார்கள். அதாவது, ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் இப்படி ஒருவர் இருக்கிறார் அல்லது இருக்கப்போகிறார்.

சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது

உட்காதில் நத்தை வடிவிலுள்ள உறுப்பின் மயிர்செல்கள் ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. உயர் அதிர்வெண்களை உணரும் செல்கள் அந்தச் சுருளின் நுழைவாயில் பக்கம் அமைந்தவை. முதுமையிலும் இரைச்சலிலும் பெரும்பாலும் முதலில் சிதைபவை அவையே. மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. பேச்சின் உரப்பைத் தருபவை தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலிக்கும் உயிரெழுத்துகள். ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பல மேல் அதிர்வெண்ணில் இருக்கின்றன. ஆகவே குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. பேரக்குழந்தையின் கீச்சுக்குரலைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் தாத்தாவுக்கு, எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் பேசும் நண்பரின் தடித்த குரல் புரிந்துவிடும். "தனக்கு வேண்டியது மட்டும் காதில் விழும்" என்று வீடுகளில் வழங்கும் குற்றச்சாட்டின் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

உரக்கக் கத்துவதும் பயன்தராது. செல்கள் சிதைந்த காதில் மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் ஒலி சற்றே கூடியதும் தாங்க முடியாத அளவுக்கு உரத்துவிடும். கேட்கும் எல்லைக்கும் வலிக்கும் எல்லைக்கும் இடையிலுள்ள வெளி சுருங்கிப்போகிறது. "கொஞ்சம் சத்தமாகச் சொல்" என்றவரே அடுத்த கணம் "ஏன் கத்துகிறாய்?" என்று சிடுசிடுப்பது முரண்பாடல்ல.

பல குரல்களுக்கு நடுவே ஒரு குரலை மட்டும் பிரித்துக் கேட்கும் திறனைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் காலின் செர்ரி 1953இல் ஆராய்ந்து விவரித்தார். செவித்திறன் இழப்பில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் இந்தத் திறன்தான். அமைதியான அறையில் இருவர் பேசும்போது குறை வெளியே தெரிவதில்லை. கல்யாண மண்டபத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. பளிங்குத் தரை, வெற்றுச் சுவர், உயர்ந்த கூரை ஆகியவற்றில் மோதி எதிரொலிக்கும் மேளமும் மைக்கும் பேச்சின் மெய்யொலிகளை விழுங்கிவிடுகின்றன. பந்தியில் வரிசையாக ஒரே பக்கம் பார்த்து உட்காருவதால் பேசுபவரின் முகமும் தெரிவதில்லை. உறவுகள் கூடும் இடமே உறவாட மிகக் கடினமான இடமாகிவிடுகிறது.

ஒதுங்கலின் வடிவங்கள்

காது மந்தத்தால் மனிதர்களை விட்டு ஒதுங்குவதற்கு மிகப் புகழ்பெற்ற சான்று இசைமேதை பேட்டோவனுடையது. 1801இல், தம் முப்பதாம் வயதில், மருத்துவ நண்பர் வேகலருக்கு எழுதிய கடிதத்தில், தமக்குக் காது கேட்கவில்லை என்று மனிதர்களிடம் சொல்ல முடியாததால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகக் கூட்டங்களைத் தவிர்த்து வருவதாகத் தெரிவிக்கிறார். மெதுவாகப் பேசினால் ஒலி கேட்கிறது, சொற்கள் புரியவில்லை என்றும், யாராவது கத்தினால் பொறுக்க முடியவில்லை என்றும் அதே கடிதத்தில் குறிப்பிடுகிறார். இன்றைய செவியியல் நூல் ஒன்று இதைவிடத் துல்லியமாக விவரித்துவிட முடியாது. 1802இல் ஹைலிகென்ஸ்டாட் என்ற ஊரில் சகோதரர்களுக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த ஆவணத்திலும் இதே துயரம்தான் பேசப்படுகிறது: மனித வெறுப்பாளன் என்று பிறர் நினைக்க, அவரோ வெட்கத்தால் ஒதுங்கியிருந்தார். 1818 முதல் சந்திக்க வந்தவர்கள் சொல்ல வேண்டியதைக் குறிப்பேடுகளில் எழுதிக் காட்டினார்கள். அவர் பெரும்பாலும் வாயால் பதிலளித்ததால், எஞ்சிய நூற்றுக்கு மேற்பட்ட ஏடுகளில் உரையாடலின் ஒரு பக்கமே உள்ளது.

ஒதுங்கல் எப்போதும் வீட்டுக்குள் முடங்குவதாக இருக்காது. புரியாமலே தலையாட்டுவதும், பிறர் சிரிக்கும்போது சேர்ந்து சிரிப்பதும் அதன் முதல் வடிவம். கேட்க வேண்டிய தொல்லை வராமலிருக்கத் தாமே விடாமல் பேசிக்கொண்டிருப்பது இன்னொன்று. இவரை ஊர் 'வாயாடி' என்று நினைக்கிறதே தவிர, காது மந்தம் என்று சந்தேகிப்பதில்லை. மூன்றாவது, களைப்பு. விடுபட்ட ஒலிகளை ஊகித்து இட்டு நிரப்பிக்கொண்டே கேட்பதால் ஒரு மணி நேர அரட்டை உடலுழைப்புக்கு ஈடாகச் சோர்வு தருகிறது. வீடு திரும்பியதும் தனியறையைத் தேடுவது கோபத்தால் அல்ல.

இழப்பு ஒருவரோடு நிற்பதுமில்லை. தொலைபேசி எடுப்பது, வந்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது, மருத்துவரிடம் கூடப் போவது என்று பெரும்பாலும் மனைவியோ கணவரோ நிரந்தர இடையாளாகிறார். இருவருக்கும் இடையே நடக்கும் சின்னச் சின்னப் பேச்சு, ஜன்னலில் தெரிந்த குருவியைப் பற்றியதும் பக்கத்து வீட்டு வம்பும், 'திருப்பிச் சொல்லும் அளவுக்கு முக்கியமில்லை' என்று மெல்ல நின்றுபோகிறது. "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்ற பதிலைப் போலச் செவித்திறன் குறைந்தவரைப் புண்படுத்தும் வாக்கியம் வேறில்லை.

வெளியே சொல்லுதல்

இளவயதிலேயே காது மந்தமான ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ, 1834இல் சக செவித்திறன் குறைந்தோருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். குறையை மறைப்பது வீண், ஊதுகுழல் போன்ற கேட்கும் குழாயைக் கூச்சமின்றி எடுத்துச் செல்லுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பிறரைத் தொந்தரவு செய்வதில்லை என்ற கொள்கையும் அவருக்கு இருந்தது. முதல் அறிவுரை இன்றும் பொன்னானது. இரண்டாவதை இன்றைய ஆலோசகர்கள் ஏற்பதில்லை. கேட்கும் விதத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். வெறும் "என்ன?" என்பதற்குப் பதிலாக, "கல்யாணம் எந்த ஊரில் என்றீர்கள்?" என்று விடுபட்ட பகுதியை மட்டும் கேட்டால், பேசியவருக்கும் எரிச்சல் வராது, உரையாடலும் அறுபடாது.

"எனக்கு வலது காது மந்தம், இந்தப் பக்கம் உட்காருங்கள்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுபவருக்குப் பாதிச் சுமை குறைகிறது. சொல்லாதவர் பதில் தராதபோது அது திமிராகவோ புத்தி மழுங்கலாகவோ எடுத்துக்கொள்ளப்படும். தமிழ்ச் சூழலில் இது எளிதல்ல என்பதும் உண்மை. செவிடனைக் கேலிக்குரியவனாகவே காட்டும் பழமொழிகளும் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளும் நம்மிடம் குறைவில்லாமல் உள்ளன. கண்ணாடி போட்டுக்கொள்ளத் தயங்காதவர் காதில் மெஷின் வைக்கத் தயங்குவது இதனால்தான்.

இடமும் முகமும்

திறந்த வெளியில் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொள்வதுதான் செலவே இல்லாத ஒலிபெருக்கி. சுவருக்கு முதுகு கொடுத்து, வெளிச்சம் பேசுபவர் முகத்தில் விழும்படி, சமையலறையிலிருந்தும் மின்விசிறியிலிருந்தும் தள்ளி உட்காருவது அடுத்தது. விழாவுக்குக் கூட்டம் சேருமுன் போய், முக்கியமானவர்களை ஓரமாகச் சந்தித்துப் பேசிவிட்டு வருவதைப் பழக்கமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. பத்துப் பேர் விருந்தை விட மூன்று பேர் மாலைநேரம் மேல்.

உதட்டசைவைப் படிப்பது பலர் நினைப்பதுபோல் முழு மாற்று அல்ல. தமிழில் ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒரேபோல் மூடித் திறப்பதால் 'பணம்' என்றாரா 'மணம்' என்றாரா என்பது உதட்டில் தெரியாது. ல, ள, ழ வாய்க்குள்ளேயே நாக்கால் பிறப்பவை. 'காலை', 'காளை' இரண்டும் பார்வைக்கு ஒன்றே. சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஆகவே பேச்சு எதைப் பற்றியது என்பதை முதலில் சொல்லிவிடுவது பெரிய உதவி. பேசுபவர் பெயரைச் சொல்லி அழைத்து, முகம் பார்த்து, இயல்பான குரலில், சற்று நிதானமாகப் பேசினால் போதும். புரியாவிட்டால் அதே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்ல வேண்டும். அடர்ந்த மீசையும் வாயில் குதப்பும் வெற்றிலையும் இதற்கு எதிரிகள். 2020இல் பெருந்தொற்றுக் கால முகக்கவசம் உதட்டை மறைத்ததோடு மெய்யொலிகளையும் மங்கச் செய்தபோது, தங்கள் காது மந்தத்தை முதன்முறையாக உணர்ந்தவர்கள் பலர்.

கருவிகள்

கேட்கும் கருவி பீரோவில் வைத்திருந்து விசேஷத்துக்கு மட்டும் எடுத்து மாட்டும் நகையல்ல. நெடுநாள் கேளாத ஒலிகளை மூளை மீண்டும் பழக வாரங்கள் பிடிக்கும். முதல்முறையாக அதை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனவர் தட்டுச் சத்தத்தில் தலைவலியோடு திரும்பி, 'மெஷின் சரியில்லை' என்று மூடிவைப்பது அடிக்கடி நடப்பது. வீட்டின் அமைதியில் தொடங்கி, இருவர் பேச்சு, பிறகு கூட்டம் என்று படிப்படியாகப் பழகுவதே சரியான முறை. மிகக் கடுமையான இழப்பில் கருவி பயன்தராதபோது, அறுவை மருத்துவத்தால் பொருத்தும் காக்ளியர் உள்வைப்பு உண்டு. பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் கைப்பேசிச் செயலிகளில் கூகுள் 2019இல் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப் பரவலானது. அது தமிழிலும் இயங்குகிறது. பலர் ஒரே நேரத்தில் பேசினால் தடுமாறும் என்றாலும், வங்கியிலும் மருத்துவமனையிலும் கைகொடுக்கிறது. வாட்ஸ்அப் செய்தி, தொலைபேசியைத் தவிர்த்து வந்த எத்தனையோ பேரை மீண்டும் நட்பு வட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது.

அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் நடத்தப்பட்ட அச்சீவ் ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. கருவியும் ஆலோசனையும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட மூன்று ஆண்டுகளில் சராசரியாக ஒரு நெருங்கியவரைக் கூடுதலாகத் தக்கவைத்துக்கொண்டார்கள் என்று 2025இல் வெளியான அதன் முடிவு கூறுகிறது. முதுமையில் ஒரு நெருங்கியவர் என்பது சிறிய எண்ணிக்கையல்ல.

சட்டத்தின் வரம்பு

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புள்ளவரைச் செவித்திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் இழப்பை எட்டியவரைக் காது கேளாதவர் என்றும் வரையறுக்கிறது. உலகச் சுகாதார அமைப்போ நன்றாகக் கேட்கும் காதில் 35 டெசிபலைத் தாண்டினாலே இயலாமை தரும் இழப்பு என்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள்தான் கல்யாண வீட்டில் தலையாட்டிக்கொண்டு நிற்பவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் படுவதில்லை. இந்த வரம்பைத் திருத்த வேண்டும்.

50 வயது முதல் 64 வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பின் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் செவிச்சோதனை செய்துகொள்ள உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகளில் இச்சோதனையைச் செய்துகொள்ளலாம்.