செஞ்சிக் கோட்டையும் நம் குலப் பெருமையும்

நம் சங்கத்தார் சென்ற திங்களிற் குடும்பத்துடன் செஞ்சிக் கோட்டைக்குச் சென்று மீண்ட செய்தியை அன்பர் பலரும் அறிவர். அச்செலவிற்கு முன்னரே இளைஞர் சிலர் எம்மை அணுகி, "ஐயா, செஞ்சியை ஆண்ட மன்னர் நம் குலத்தவரே என்பதனை நிறுவி, நம் இதழுக்கு ஒரு கட்டுரை வரைந்து தரல் வேண்டும்" என்று கேட்டனர். "பார்த்து வந்து எழுதுவோம்" என்றோம். பார்த்து வந்தோம்; எழுதுகின்றோம். ஆயின் அவர்கள் கேட்ட கட்டுரை இஃதன்று என்பதனை முதற்கண் கூறிவிடுதல் நன்று.

கரிக்கலாம்பாக்கத்தினின்று வைகறையிற் புறப்பட்ட பேருந்து, வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி யாற்றைக் கடந்தது. ஆற்றிற் பெரும்பாலும் மணலே தெரிந்தது. சிறுவரை அழைத்து, "இவ்வாறு எங்குத் தோன்றுகின்றது?" என்று வினவினோம். ஒருவருக்கும் தெரிந்திலது. செஞ்சியாறு என்பதும், வராக நதி என்பதும் இதன் பெயர்களே. செஞ்சி மலைப் பக்கத்துத் தோன்றி, திருவக்கரை, வில்லியனூர் ஆகிய ஊர்களைச் சார்ந்து வந்து, நாம் முன்னோர்க்கு நீர்க்கடன் இறுக்கும் திருக்காஞ்சித் துறையைத் தொட்டுக் கடலை அடைகின்றது. ஆகவே யாம் அன்று சென்றது அயலூரன்று. நம் ஆற்றின் பிறந்தகம்.

விழுப்புரத்தினின்று செஞ்சிக்குச் செல்லும் நெறியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உளது. ஆங்கு ஒரு பாறையைக் குடைந்து மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கோயில் சமைத்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிச் சமைத்ததாகத் தன் பெருமிதத்தைக் கல்லிலும் வெட்டுவித்தான். அரசன் பெயர் நமக்குத் தெரிகின்றது. உளி பிடித்தவன் பெயர் தெரியவில்லை. இதனை இப்போதைக்கு மனத்திற் கொள்க.

செஞ்சி என்பது ஒரு கோட்டையன்று. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை மூன்று மூலைகளாகக் கொண்டு, அவற்றை மதிலால் இணைத்த பெருநகர். மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மதிற்புறத்தே 80 அடி அகலமுள்ள அகழி ஓடியது. இராசகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. உச்சியை அணுகுமிடத்துப் பாறை இயல்பாகவே பிளந்து ஆழ்ந்த பள்ளமாகின்றது. அதன்மேல் ஒரு சிறு பாலமிட்டுள்ளனர். அப்பாலத்தை எடுத்துவிடின், மேலே நிற்போர் மிகச் சிலரே யாயினும் கீழே நிற்கும் பெரும்படையைத் தடுத்தல் கூடும். அவ்விடத்தில் நின்றபோதுதான், மேனாட்டார் இதனைக் கிழக்கின் திராய் என்று அழைத்ததன் பொருத்தம் எமக்கு விளங்கிற்று. மலையிற் குரங்குகள் மிகுதி. கட்டுச்சோற்று மூட்டையுடன் ஏறுவோர் இதனை மறவாதிருத்தல் நலம்; நம்மவர் இருவர் மறந்தனர்.

மலையடியில் அரண்மனைப் பகுதி உளது. அரண்மனையோ அடித்தளமாக மட்டும் எஞ்சியுள்ளது. அதனை அடுத்துக் கலியாண மகால் அடுக்கடுக்காய் உயர்ந்து மேலே குவிந்து நிற்கின்றது. நடுவே சதுர முற்றம். சுற்றிலும் வளைவுகள் அமைந்த அறைகள். யானைக்குளம், குதிரை இலாயங்கள், உடற்பயிற்சிக் கூடம் என்பனவும் அருகே உள. நெற்களஞ்சியத்தின் சுவரைக் கண்டு உழவராகிய நம்மவர் நெடுநேரம் வியந்து நின்றனர். கிருட்டிணகிரியின்மேல் எண்ணெய்க்கும் நெய்க்குமெனக் கிணறுபோலக் கட்டப்பெற்ற சேமக்கலங்கள் உண்டு.

எம்முடன் வந்த மூதாட்டியார் ஒருவர் மலையேற இயலாமையால் கலியாண மகாலின் நிழலில் அமர்ந்திருந்தார். யாம் இறங்கி வந்து உச்சியின் காட்சியை விரித்துரைக்க, அனைத்தையும் கேட்டிருந்து, "ராசா அம்மாம் உசரத்துல இருந்தாரு, சரி தம்பி. குடிக்கத் தண்ணி ஆரு சொமந்தது?" என்றார். தமிழ்ப் புலவர் பட்டம் பெற்று இருபதாண்டு மாணவர்க்குப் பாடஞ் சொன்ன எமக்கு அவ்வினா அதுகாறும் எழவில்லை.

அதன்பின் யாம் நீரையே தேடிப் பார்த்தோம். இராசகிரியின் அடியிற் சக்கரக்குளமும் செட்டிகுளமும் உள. மலைமேற் பாறைச் சுனைகள் உள. சக்கரக்குளத்து நீரைச் சுடுமண் குழாய் வழியே கலியாண மகாலின் மேல்தளம் வரை ஏற்றினர் என்பர். குளம் மாடத்தினும் உயர்ந்த இடத்தே இருந்தால் நீர் தானே ஏறும். பாகூர் ஏரியையும் பங்காரு வாய்க்காலையும் அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. முகலாயப் படைத்தலைவன் சுல்பிகார்கான் 1690 முதல் 1698 வரை இக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தான். எட்டாண்டு இக்கோட்டை தாங்கியது மதிலால் மட்டுமன்று. இச்சுனையாலும் களஞ்சியத்தாலுமே யாம்.

இனி, ஆண்டவர் யாவர் என்னும் வினாவிற்கு வருவோம்.

ஆனந்தக் கோன் என்பான் ஆடு மேய்க்குங்கால் மலைப்பொந்திற் புதையல் கண்டு, அதனைக்கொண்டு ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டளவில் முதற்கோட்டையை எடுத்தான் என்பது கதை. இக்கதை நமக்குக் கிடைப்பது நாராயணன் என்பார் 1803-இல் எழுதிய கருநாடக அரசர் சரித்திரத்தின் வழியாகும். நிகழ்ச்சிக்கும் எழுத்திற்கும் இடையே அறுநூறு ஆண்டு கிடக்கின்றது. பொய்யென்று தள்ளுதற்கும் துணிவில்லை. இதன்மேல் ஒரு குலத்தின் பட்டாவை எழுதுதற்கும் துணிவில்லை.

பின்னர் விசயநகரத்தார் சார்பில் நாயக்கர் ஆண்டனர். அவருள் கிருட்டிணப்ப நாயக்கர் காலத்து, 1597-இல், பிமெந்தா என்னும் இயேசு சபைத் துறவி செஞ்சிக்கு வந்து, இந்நகரின் பெருமையைத் தம் மடலில் வியந்துரைத்துள்ளார். 1649-இற் பிசப்பூர்ச் சுல்தானின் படை கோட்டையைக் கொண்டது. 1677-இல் சிவாசி கொண்டார். அவர் மைந்தர் இராசாராம், தக்கணத்திலிருந்து உயிர்தப்பி வந்து, மராட்டிய அரசின் தலைநகராகவே இதனைக் கொண்டிருந்தார். 1698-இற் கோட்டை முகலாயர் கைப்பட்ட காலத்து அவர் முன்னரே தப்பி அகன்றிருந்தார். 1714-இல் ஆர்க்காட்டு நவாபும், 1750 செப்டம்பரில் புசி என்பவனின் கீழ்ப் பிரெஞ்சியரும், 1761 ஏப்ரலில் ஆங்கிலரும் கொண்டனர். புதுச்சேரி அவ்வாண்டு சனவரியிலேயே ஆங்கிலர்க்கு அடங்கிற்று. அதற்குப் பின்னரும் செஞ்சியிற் பிரெஞ்சுக் கொடி சில கிழமை பறந்தது. 1649-க்கும் 1761-க்கும் இடைப்பட்ட 112 ஆண்டுகளில் ஆறு கொடிகள்! பாரசீகமும் மராட்டியும் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசினோர் அங்கு ஆணையிட்டனர். இவ்வரிசையில் நம் குலத்தை எங்கே நுழைப்பது?

நம் ஊர்ப்புறத்தார் இவருள் ஒருவனையே பாடினர். அவன் தேசிங்கு. தேசிங்குராசன் கதையைக் கேளாது வளர்ந்த முதியவர் நம்மிடையே இலர். அவன் யாவன்? தேசசிங்கு என்னும் இயற்பெயருடைய புந்தேல இராசபுத்திரன். அவன் தந்தை சொரூபசிங்கு முகலாயப் பேரரசால் செஞ்சிக் கோட்டைத் தலைவனாக அமர்த்தப்பெற்றவன். தந்தை 1714-இல் இறக்க, மைந்தன் வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்து பொறுப்பேற்றான். நிலுவைத் திறையை நவாபு சாததுல்லாகான் கேட்டான், இளைஞன் மறுத்தான். அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள், ஒரு சிறு குதிரைப்படையுடன் நவாபின் பெருஞ்சேனையை எதிர்த்துக் களத்தில் வீழ்ந்தான். அகவை 22 என்பர். அவன் அரசிருந்தது ஓராண்டும் நிரம்பவில்லை. உடன் வீழ்ந்த உயிர்த்தோழன் ஒரு முகம்மதியன். கதைப்பாட்டு மோவுத்துக்காரன் என்று அவனைக் கொண்டாடுகின்றது. செட்டிகுளத்தின் கரையில் தேசிங்கின் உடல் எரியூட்டப்பெற, அவன் இளமனைவியும் தீப்பாய்ந்தாள் என்பர். இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அவள் நினைவாக நவாபு இட்டதே என்றும் வழங்குகின்றது.

தமிழறியாத வடநாட்டான் ஒருவனைத் தமிழ்ப் பாணர் ஊர்தோறும் பாடி அழுதனர். அவன் எக்குலத்தான் என்று பாடியவரும் வினவவில்லை, கேட்டவரும் வினவவில்லை. நம் பாட்டிமார் அக்கதை கேட்டுக் கண்ணீர் உகுத்தமை எமக்கு நேரே தெரியும்.

இளைஞர் எம்மிடம் காட்டிய சான்றுகள் இரண்டு. ஒன்று, ஒரு திருமண அழைப்பிதழில் அச்சிட்ட பட்டப்பெயர். மற்றொன்று, ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்ன கதை. பட்டப்பெயரோ இந்நாட்டிற் பல சாதியார்க்கும் பொது. பெரியவர் கதையை யாம் மதிக்கின்றோம். ஆயினும் கல்வெட்டும் செப்பேடும் சமகாலத்து எழுத்தும் துணைநில்லாதவிடத்து அதனை வரலாறென்று அச்சேற்றுதல் தகாது. செஞ்சியின் வரலாற்றை ஆய்ந்து 1943-இல் பெருநூல் வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியார், மேனாட்டார் குறிப்பு, பாரசீக நூல், ஊர்க்கதை ஆகிய யாவற்றையும் ஒப்பவைத்து நோக்கினார். அத்துணை உழைப்பின்றி நாம் ஒரே இரவில் அரசராதல் கூடுமோ? நம் இதழிலே இவ்வாறு எழுதினால், மறு திங்களே வேறு சங்கத்தார் தம் இதழில் அதே அரசனைத் தமக்கு உரியனாக்குவர். அவர்க்கும் ஓர் அழைப்பிதழ் கிடையாமற் போகாது.

இவ்வாறு கூறுதலால் இளைஞர்க்கு மனவருத்தம் உண்டாயிருத்தலை யாம் அறிவோம். பள்ளியிலும் அலுவலிலும் பிறர் தம் மரபைப் பேசுங்கால், நமக்கும் ஒரு கோட்டை வேண்டுமென்று உள்ளம் விழைதல் இயல்பே. எமக்கும் இளமையில் அவ்விழைவு இருந்தது. அவர்கள்மேற் சினமில்லை. ஆயினும் மூதாட்டியாரின் வினா எம்மை விடவில்லை. குளந் தோண்டினோர், 800 அடி உயரத்திற்குக் கல் ஏற்றினோர், களஞ்சியத்தை நிரப்பிய நெல்லை விளைத்தோர், முற்றுகைக் காலத்து அந்நெல்லுக்காகத் தம் வயலை இழந்தோர் ஆயிரவர் இருந்திருத்தல் வேண்டும். செஞ்சிச் சீமையின் குடிகளாக நம் முன்னோரும் அவருள் இருந்திருத்தல் கூடும், இல்லாதிருத்தலும் கூடும். மண்டகப்பட்டில் உளி பிடித்தவனைப் போலவே இவர்க்கும் பெயரில்லை.

மற்றொன்றும் சொல்லற்பாலது. கோட்டையின் கிழக்கே உள்ளதொரு வாயிலுக்குப் புதுச்சேரி வாயில் என்றே பெயர். அதனருகே சாததுல்லாகான் பெயரால் 1717-18-இல் எழுந்த பள்ளிவாசலும், பதினாறாம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் எடுப்பித்த வேங்கடரமணர் கோயிலும் உள. கோயிலின் தூண்கள் சில இன்று அங்கில்லை. பிரெஞ்சியர் அவற்றைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொணர்ந்தனர். கடற்கரையில் காந்தியடிகள் திருவுருவைச் சூழ நிற்கும் உயர்ந்த கற்றூண்கள் அவையே. நாம் மாலைதோறும் அவற்றின் அடியிற் கடலை கொறித்துக்கொண்டு காற்று வாங்குகின்றோம். அவை ஒரு கோயிலைத் தாங்கியவை என்பதனை எண்ணுவதில்லை. யாமும் செஞ்சியில் வெறுமையான மண்டபத்தைக் கண்ட பின்னரே எண்ணினோம். உடன் வந்த சிறுமியொருத்தி, "அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடலாமே, ஐயா" என்றாள். விடை கூறத் தெரியாது விழித்தோம்.

1921 முதல் செஞ்சிக் கோட்டை நடுவணரசின் காப்பில் உள்ளது. 2025 சூலைத் திங்களில், மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டனை யுனெசுகோ நிறுவனம் உலக மரபுரிமைச் சின்னங்களாக ஏற்றபோது, பதினொன்று மகாராட்டிரத்தனவாக, செஞ்சி ஒன்றே தமிழ்நாட்டினின்று இடம்பெற்றது. ஆதலின் இனிக் கூட்டம் பெருகும். காண விழைவோர் காலம் தாழ்த்தாது சென்று வருக. வெயிலேறு முன்னர் இராசகிரியை ஏறி முடித்தல் நன்று. முதியோர் கீழேயே களஞ்சியத்தையும் குளங்களையும் காணலாம். அவையே பெரிதும் காணத்தக்கன என்பது எம் கருத்து.

வருகின்ற ஞாயிறு மாலை, சிறுவர்களைப் புதுச்சேரிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று அத்தூண்களின் சிற்பங்களைக் காட்ட எண்ணியுள்ளோம். கட்டுரை கேட்ட இளைஞரும் உடன் வர இசைந்துள்ளனர். தூணுக்கொன்றாய்ச் சிற்பங்களைப் படியெடுத்து எழுதும் பொறுப்பையும் அவர்களே ஏற்றுக்கொண்டனர். வர விரும்பும் பெற்றோர் சனிக்கிழமைக்குள் சங்கச் செயலாளரிடம் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்துவிடுக.