வன்னி நோயும் வைத்தியக் கல்வியும்

கொழும்பு வைத்தியக் கல்லூரியின் வரலாறு கூறுவோர் பலரும் தேசாதிபதி சேர் ஹேர்கியூலிஸ் றொபின்சன் பெயரோடு தொடங்குவர். யான் வன்னிக் காட்டிலிருந்து தொடங்க விழைகின்றேன்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில் அங்கே ஊர்கள் பாழாகிக்கொண்டிருந்தன. குளங்கள் தூர்ந்து கிடந்தன. எஞ்சிய குடிகளைப் பறங்கிப்புண் என்னும் நோய் வாட்டியது. தோலிலே எழும் அப்புண் நாட்பட எலும்பையும் அரித்து, உழுபவனை முடமாக்கிவிடும். பெயரைக்கொண்டு நோக்கின், நம் முன்னோர் பழியைப் போர்த்துக்கேயர் தலையிலே சுமத்தினர் போலும்!

இதனை ஆராயுமாறு டாக்டர் ஜேம்ஸ் லூஸ் என்பாரை அரசாங்கம் பணித்தது. அவர்தம் அறிக்கைக்குப் பின்னர், உள்நாட்டு இளைஞரையே வைத்தியராகப் பயிற்றவேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1870ஆம் ஆண்டு யூன் மாதம் 1ஆம் நாள் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் வைத்தியப் பள்ளி திறக்கப்பெற்றது. மாணவர் 25 பேர். முதல் அதிபர் லூஸ் அவர்களே.

நேயர்களே, நாட்டுப்புறத்து நோயொன்றை முன்னிட்டு எழுந்த கல்விச்சாலை அது. ஆயினும் அங்கு பயின்றோர் பெரும்பாலும் கண்டது, நகரத்து ஆஸ்பத்திரிக் கட்டிலிற் கிடந்த நோயாளியையே. அவன் எக்கிணற்று நீரைக் குடித்தான், எத்தனை பேரோடு ஒரு பாயிற் படுத்தான் என்பன கட்டிலருகே நின்று அறியத்தக்கன அல்ல. பறங்கிப்புண்ணுக்குக் கெட்ட நீரே காரணமெனப் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1905இல் கஸ்தெல்லானி என்னும் இத்தாலிய அறிஞர், கொழும்பிலேயே, அதன் சுருள்வடிவக் கிருமியைக் கண்டறிந்தார். புண்பட்ட பிள்ளையின் உடல் மற்றொரு பிள்ளையின் உடலிற் படுவதால் அது தொற்றுகின்றது. மருந்தோடு சவர்க்காரமும் நீரும் வேண்டும் நோய் அது.

கல்வி கட்டிலை விட்டு ஊருக்குத் திரும்பிய ஆண்டு என யான் கருதுவது 1926. றொக்பெல்லர் நிதியத்தின் துணையோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அவ்வாண்டில் அமைந்தது. நோயுற்றோர் மட்டுமல்லர், அப்பிரதேசத்து மக்கள் அனைவருமே ஒரு வைத்திய அதிகாரியின் பொறுப்பாயினர். பரிசோதகரும் மருத்துவிச்சியரும் வீடுவீடாய்ச் சென்று கிணற்றையும் மலகூடத்தையும் கர்ப்பிணிகளையும் பார்த்துவந்தனர். சுகாதார ஊழியருக்கு அதுவே பயிற்சிக் களமுமாயிற்று. 1934-35இல் மலேரியா ஏறக்குறைய 80,000 உயிரைக் கொண்டுபோனபோது, இத்தகைய பகுதிகள் நாடெங்கும் வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அதே மலேரியா இந்நாட்டினின்றும் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 2016இற் சான்றளித்தது.

1942இல் வைத்தியக் கல்லூரி இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பீடமாயிற்று. இன்று சமுதாய மருத்துவம் பட்டப்படிப்பில் ஒரு பாடம். மாணவர் குடிமனைகளுக்குஞ் சென்று பயில்கின்றனர். மருத்துவபீடம் புகுந்த பழைய மாணவர் சிலர் என்னைக் காணவரும்போது, சத்திரசிகிச்சையைப் பற்றி வாயாரப் பேசி, இதனைச் சிறு பாடமென்று ஒதுக்குவதுண்டு. அவர்களுக்கு யான் வன்னிக் கதையைச் சொல்வேன். களுத்துறைக்கும் ஒருமுறை போய்வரச் சொல்வேன். அன்றைய சுகாதாரப் பகுதி தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகமாக வளர்ந்து அங்கேதான் இருக்கின்றது.