வேங்கடத்துக்கு அப்பால் ஒரு இன்டர்ன்ஷிப்

போன மாதம் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் ஒரு நண்பர் பளபளப்பான தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். அவருடைய மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள், அடுத்து மெடிக்கல் ஸ்கூல் போகும் திட்டம். "நீ அந்தப் பக்கத்து ஆள்தானே தம்பி, இதைக் கொஞ்சம் பாரு" என்றார். நான் ராணிப்பேட்டைக்காரன். வேலூரும் சித்தூரும் எனக்குப் பஸ் பிடித்து சினிமாவுக்குப் போன ஊர்கள்.

தாளில் இருந்தது இதுதான். வேலூரில் நான்கு வாரம் மருத்துவமனைப் பயிற்சி. கூடுதல் பணம் கட்டினால் சித்தூர், திருப்பதி காடுகளில் இரண்டு வாரம் சஃபாரி, மலையேற்றம், அருவி, கூடாரத்தில் ராத்தங்கல். பயிற்சியை விட சஃபாரிக்குத்தான் விலை அதிகம். (வேலூருக்கு வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் சில வாரப் பயிற்சிக்கு வருவது புதிதில்லை. சனி ஞாயிறுகளில் அவர்கள் ஏலகிரி, திருப்பதி என்று கிளம்பி விடுவார்கள், அதற்கு பஸ் டிக்கெட் காசுதான்.) என்னை உறுத்தியது விலை அல்ல. கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு வரி: "மனிதக் காலடி படாத காடு."

திருப்பதி மலைக்கா? அங்கே கால் பட்ட வரலாற்றைக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகளை "ஊரைப் பார்த்துட்டு வா" என்று அனுப்புகிறவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் சங்க காலம். வேங்கடம் தமிழகத்தின் வடக்கு எல்லை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அகநானூற்றில் மாமூலனார் என்ற புலவர் பாடியவற்றில் வேங்கடம் திரும்பத் திரும்ப வரும். யார் போகிறார்கள் அந்த வழியில்? பொருள் தேடி, மொழி வேறான நாட்டுக்குப் போகிற இளைஞர்கள். வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். இடையில் யானைகள் திரியும் காடு, வெயில், வழிப்பறி. நம்ம ஆட்களின் முதல் ஆன்சைட் அசைன்மென்ட் வேங்கடத்துக்கு வடக்கேதான்! காடு அதோடு சேர்ந்தே வந்தது, தனிக் கட்டணம் கிடையாது. அந்த மலையிலும் அப்போதே ஆட்கள் இருந்தார்கள். புல்லி என்பவன் அவர்களுடைய தலைவன். யானைத் தந்தத்தை விற்று நெல் வாங்கிக் கொண்டாடுவதும் அந்தப் பாட்டுகளில் உண்டு. காட்டுப் பொருள் மலையிலிருந்து கீழே இறங்குவதும், அதன் பெரிய விலை வேறு யாருக்கோ போவதும் பழைய கதை. இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

நிற்க. பல நூற்றாண்டுகளைத் தாண்டி நேராக 1801-க்கு வந்து விடுவோம். ஆற்காட்டு நவாபின் நாடு முழுவதும் கம்பெனி கைக்கு வந்த வருடம் அது. வட ஆற்காடு மாவட்டத்துக்குச் சித்தூர்தான் தலைநகரம் ஆயிற்று. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை அந்தப் பெரிய மாவட்டத்தின் கச்சேரி அங்கேதான் இருந்தது. திருமலைக் கோயில் வரவு செலவு கூட 1843 வரை கம்பெனி அதிகாரிகள் கையில்தான். அந்த வருடம்தான் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தார்கள்.

இந்த வேலைக்கு இங்கிலாந்திலிருந்து வந்தவர்களின் வயதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. நம் வீட்டுப் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் தேடுகிற வயது. 1812-ல் சென்னையில் ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ் கல்லூரி தொடங்கியதே இவர்களுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுக்கத்தான். அதை முன்னின்று நடத்தியவர் நம் எல்லீஸ் துரை. பரீட்சை தேறினால்தான் மாவட்டத்தில் போஸ்டிங். 1817-ல் வந்து அந்தக் கல்லூரியில் படித்த சி.பி. பிரௌன் 1820-ல் பக்கத்துக் கடப்பைக்குப் போனார். பிறகு தெலுங்கு அகராதியே போட்டுக் கொடுத்தார். எல்லாரும் பிரௌன் இல்லை என்பதும் உண்மை. பலருக்கு மாவட்ட வேலை என்றால் குதிரை, கூடாரம், துப்பாக்கி. ஜமாபந்திக்காக வருடத்தில் பல வாரம் ஊர் ஊராக முகாம் போடுவார்கள், நடுவில் வேட்டை. கூடாரத்துக்கு விறகும் பாலும் கோழியும் கிராமத்திலிருந்து வந்தாக வேண்டும். மூட்டை தூக்க, புதரை அடித்து மிருகத்தை விரட்ட, ஊர் ஆட்கள். கூலியில்லாத கட்டாய வேலைக்கு 'வெட்டி' என்று பெயர். இன்றைக்கும் "வெட்டி வேலை" என்கிறோமே, அதேதான். அந்தக் காலத்து 'ஆட் ஆன்' பேக்கேஜுக்குப் பணம் கட்டியவர் இவர்தான்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஒருவர் உண்டு, தாமஸ் ஜெர்டன். எடின்பரோவில் மருத்துவம் படித்து விட்டு 1836-ல் மதராஸ் வந்த உதவி சர்ஜன். வயது இருபத்தைந்து கூட ஆகவில்லை. நெல்லூரில் வேலை பார்த்தபோது ஏனாதி பழங்குடி மக்களிடம் உட்கார்ந்து பிராணிகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் கண்டுபிடித்துத் தந்த பறவை ஒன்றை 1848-ல் பிளைத் என்பவர் விஞ்ஞான உலகுக்கு அறிமுகம் செய்தார். இன்றைக்கு அதன் பெயர் ஜெர்டன் கோர்சர், தெலுங்கில் கலிவி கோடி. ராத்திரியில் மட்டும் புதர்க்காட்டில் நடமாடும் சின்னப் பறவை. 1900-க்குப் பிறகு யாருமே அதைப் பார்க்கவில்லை. அழிந்தே போய்விட்டது என்று முடிவு கட்டி விட்டார்கள்.

1986 ஜனவரியில் கடப்பை மாவட்டம் ரெட்டிப்பல்லி பக்கம் அது மறுபடி கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் தேடிக் கொண்டிருந்தவர் பரத் பூஷண் என்ற இளம் ஆராய்ச்சியாளர். ஆனால் பறவையைப் பிடித்தது ஐத்தன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர், ராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில். எண்பத்தாறு வருடம் விஞ்ஞானத்துக்குக் காணாமல் போன பறவை ஐத்தன்னாவின் காட்டில் நடந்து கொண்டுதான் இருந்திருக்கிறது. பிடிபட்ட பறவை சில நாளில் செத்துப் போனது பாவம். ஆனால் இடம் தெரிந்து விட்டதால் 1988-ல் லங்காமல்லேஸ்வரம் சரணாலயம் வந்தது. சென்னைக்குக் கிருஷ்ணா தண்ணீர் கொண்டு வரும் தெலுங்கு கங்கைக் கால்வாயின் பாதையைக் கூட இந்தப் பறவைக்காக மாற்றினார்கள்.

திருப்பதி காட்டை இங்கிலீஷ் படிக்கிறவர்களிடம் பிரபலமாக்கியவர் கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்க்காரர், விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம். லீவு கிடைத்தால் காடு. 1954-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே சாமலா பள்ளத்தாக்குப் புலியின் கதை இருக்கிறது. சாமலா இன்றைக்கு ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. அவர் கதைகளை நான் கல்லூரியில் விழுந்து விழுந்து படித்திருக்கிறேன். புலியை விட, அவரோடு போகிற பைரா, ரங்கா போன்ற ஆட்கள்தான் மனதில் நிற்பார்கள். யார் தடம் பார்த்தது, யார் மரத்தில் பரண் கட்டியது என்று மனுஷர் ஒளிக்காமல் எழுதினார். அந்தப் பளபளப்புத் தாளை எழுதியவருக்கு அந்த நேர்மை கூட இல்லை.

புலிகள் அங்கே இப்போது நிரந்தரமாகக் குடியிருக்கவில்லை. ஆனால் யானைகள் திரும்பி வந்திருக்கின்றன. சங்கப் பாட்டு யானைகளின் வாரிசுகள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் இவை வந்தது நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து. பல தலைமுறைகளாக யானையே இல்லாத சித்தூர் மாவட்டத்துக்குள் 1980-களில் கூட்டமாக நடந்து போயின. குப்பம், பலமனேர் விவசாயிகளுக்கு யானையோடு வாழ்கிற பழக்கமே விட்டுப் போயிருந்தது. பயிரும் போனது, உயிர்களும் போயின. 1990-ல் கௌண்டின்யா சரணாலயம் அறிவித்தார்கள், சுமார் 350 சதுர கிலோமீட்டர். சஃபாரி பட்டியலில் "காட்டு யானை தரிசனம்" என்று போட்டிருப்பது இந்த இடத்தைத்தான். அங்கே வயலுக்குக் காவல் இருக்கிறவரிடம் போய் "யானை பார்க்க ஆசையாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று.

சிறுத்தையும் உண்டு. 2023 ஆகஸ்டில் அலிபிரி படிக்கட்டுப் பாதையில், பெற்றோருடன் மலையேறிக் கொண்டிருந்த ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்று விட்டது. அதன் பிறகு தேவஸ்தானம் பக்தர்கள் கையில் கம்பு கொடுத்தது. பிற்பகலுக்கு மேல் சின்னப் பிள்ளைகளை நடைபாதையில் விடவில்லை. 3,550 படி, லட்சக்கணக்கான கால்கள் பட்டுத் தேய்ந்த பாதை. இதுதான் 'காலடி படாத' மலை.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். சேஷாசலத்தில் விளையும் செம்மரம் உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காடு காடாக வளர்வதில்லை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்கோடியில் மட்டும்தான். சீனாவில் அதற்கு நாற்காலி மேஜைக்கும், ஜப்பானில் இசைக்கருவிக்கும் ஏகப்பட்ட கிராக்கி. வெட்டுவது குற்றம். வெட்டப் போகிறவர்களில் பெரும் பகுதி தமிழ்நாட்டு மலைக் கிராமத்து ஆட்கள். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை. ஒரு நடைக்குக் கிடைக்கிற கூலி, ஊரில் மாதக்கணக்கில் உழைத்தாலும் கிடைக்காத பணம். வேங்கடம் தாண்டிப் பொருள் தேடப் போவது இவர்களுக்கு இன்னும் முடியவில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று, சந்திரகிரிக்குப் பக்கத்துக் காட்டில் ஆந்திர அதிரடிப்படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள். கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸில் வந்தவர்களை இறக்கிப் பிடித்துக் கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். செத்தவர்களில் இருபது சொச்சம் வயதுப் பையன்களும் இருந்தார்கள்.

அன்றைக்கு நான் இங்கே ஆபீசில் இருந்தேன். இணையத்தில் படங்கள் வந்து கொண்டே இருந்தன. உடல்கள் கிடந்த இடத்துக்குப் பின்னால் தெரிந்த பாறைகளை எனக்கு அடையாளம் தெரிந்தது மாதிரி இருந்தது. பஸ் ஜன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்த மலை. பக்கத்து சீட்டில் இருந்த சகா ஒருவர், "உங்கள் ஊர்ப் பக்கம் நல்ல ட்ரெக்கிங் இடம் இருக்கிறதாமே?" என்று வேறொரு நாள் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

நண்பரிடம் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகட்டும். தலக்கோனா அருவி 270 அடி, பார்த்தால் மறக்க முடியாது. 2010-லேயே சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் ஆகி விட்டது. சந்திரகிரிக் கோட்டையும் பக்கத்திலேயே இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தைப் பிரித்து 2022-ல் திருப்பதி தனி மாவட்டம் ஆனதால் அனுமதிக்கு எந்த அலுவலகம் என்று மட்டும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். நான் அவரிடம் கேட்கச் சொன்னது மூன்று விஷயம். காட்டுக்குள் கூட்டிப் போகிறவர் உள்ளூர் ஆளா? கட்டுகிற பணத்தில் அவருக்கு எவ்வளவு? பெண்ணுக்குத் தமிழோ தெலுங்கோ அவரோடு பேசுகிற அளவுக்கு வருமா? முதல் இரண்டு கேள்விக்கும் அந்தக் கம்பெனி இரண்டு வாரமாகப் பதில் அனுப்பவில்லை. மூன்றாவதற்கு வழி இருக்கிறது. மருத்துவமனையின் நான்கு வாரமும் வார்டில் நோயாளியோடு பேசினால் மொழி தானாக வரும். சித்தூர்ப் பக்கத்து நோயாளிகள் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுவார்கள், இரண்டையும் சேர்த்தே கற்றுக் கொள்ளலாம்.

அப்புறம், வண்டி அமர்த்த வேண்டாம் என்றும் சொன்னேன். வேலூரிலிருந்து திருப்பதிக்கு நாள் முழுக்க பஸ் இருக்கிறது, சித்தூர் வழி, சுமார் மூன்று மணி நேரம். இடது பக்கம் ஜன்னல் சீட் பிடித்தால் சந்திரகிரி தாண்டும்போது மலை முழுசாகத் தெரியும்.