தனித்து நின்ற கோயில்பிள்ளை

ஆஸ்திரியா நாட்டில், லின்ஸ் மறைமாவட்டத்தில், சாங்ட் ராடெகுண்ட் என்றொரு சிற்றூர். நாட்டை ஹிட்லரின் ஜெர்மனியோடு இணைத்ததற்கு ஒப்புதல் கேட்டு 1938 ஏப்ரல் 10 அன்று வாக்கெடுப்பு நடந்தது. அவ்வூரில் மறுத்து வாக்களித்தவர் ஒருவரே. பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் என்னும் உழவர் அவர். அந்த ஒரு வாக்கையும் மறைத்து, ஊரே ஒருமனதாக ஏற்றது என அறிவித்தார்கள்.

1940-இல் படைக்கு அழைக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற அவர், அடுத்த ஆண்டு வீடு திரும்பினார். பங்கின் கோயில்பிள்ளையாகப் பணி செய்துகொண்டே நிலத்தையும் உழுதார். அநீதியான போரில் இனிக் கருவி ஏந்துவதில்லை என்ற முடிவு அந்நாள்களில்தான் அவருள் உறுதிப்பட்டது. உறவினர் தடுத்தனர், அயலார் ஏசினர். நாத்சிகளை எதிர்த்துப் போதித்ததற்காகச் சிறை கண்ட முன்னாள் பங்குத்தந்தை கரோபாத்துகூட, உயிரை வீணாக்காதே என்றுதான் வாதாடினார். பிரான்சோ மறைநூலைக் கொண்டே அவருக்கு விடையளித்தார்.

இறுதியாக லின்ஸ் ஆயர் பிளீசரிடம் சென்றார். குடும்பத் தலைவனின் கடமையை ஆயர் நினைவூட்டினார். போரின் நியாயத்தை ஆராய்வது குடிமகனின் பொறுப்பன்று என்றும் கூறினார். வந்தவர் உளவாளியாக இருக்கலாம் என ஆயர் அஞ்சினார் என்பது பிரான்சின் எண்ணம். அந்த ஆயரைக் குறைகூற எனக்கு எளிதில் நா எழவில்லை. மூன்று பச்சிளம் பெண் குழந்தைகளின் தந்தை நம் பங்கு இல்லத்திற்கு வந்து இதையே கேட்டால், "போய்ச் சாவு" என்று சொல்லும் துணிவு எந்தக் குருவுக்கு உண்டு?

அவருடைய மனைவி பிரான்சிஸ்காவும் முதலில் கெஞ்சித்தான் பார்த்தார். ஊரே அவருக்கு எதிராகத் திரும்பியபின் கெஞ்சுவதை விட்டுவிட்டார். தானும் கைவிட்டால் கணவருக்கு ஒருவருமில்லை என்பதைப் பின்னாளில் அவரே கூறினார்.

1943 மார்ச்சில் என்ஸ் நகரப் படைமுகாமில் பிரான்ஸ் தம் மறுப்பைத் தெரிவித்தார். காயம்பட்டோருக்கு மருத்துவப் பணி செய்ய அவர் முன்வந்தும் அது ஏற்கப்படவில்லை. பெர்லின் சிறையில், பிரான்ஸ் ரைனிஷ் என்ற குருவானவர் 1942-இல் இதே காரணத்திற்காகக் கொல்லப்பட்ட செய்தியைச் சிறைக் குரு அவருக்குச் சொன்னார். தாம் நடந்த வழியில் வேறொருவரும் நடந்திருக்கிறார் என்பதே அவருக்குப் பெரும் ஆறுதலாயிற்று. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது.

போர் முடிந்த பின்னரும் ஐயம் நீங்கவில்லை. அவரைப் பற்றிய கட்டுரையை மறைமாவட்ட இதழில் வெளியிட 1946-இல் ஆயர் பிளீசர் இசையவில்லை. கடமையென்று எண்ணிப் போரில் மடிந்தவர்களே பெரிய வீரர் என்பது அவர் கருத்து. கைம்பெண்ணுக்கான உதவித்தொகை பிரான்சிஸ்காவுக்கு 1950 வரை மறுக்கப்பட்டது.

அமெரிக்க அறிஞர் கார்டன் சான் 1964-இல் எழுதிய நூலே இவரை உலகறியச் செய்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இவரை எடுத்துக்காட்டி மனச்சான்றின் உரிமைக்காக வாதிட்டவர், பம்பாயின் முன்னாள் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ் என்பதை இந்தியக் கத்தோலிக்கருள் எத்தனை பேர் அறிவோம்? மனச்சான்றின் பொருட்டுப் படைக்கலம் ஏந்த மறுப்போர்க்குச் சட்டங்கள் பரிவுடன் இடமளிக்க வேண்டும் என்று 1965-இல் சங்கம் எழுதியது.

2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் பிரான்ஸ் அருளாளராக உயர்த்தப்பட்டார். அத்திருப்பலியில் 94 வயது பிரான்சிஸ்காவும் அமர்ந்திருந்தார்.