லியோ பெக்: இல்லறமும் முதுமையும்

ரபி, அதாவது யூத சமயகுரு, லியோ பெக்கின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு கட்டங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். 1905இல் 'யூத சமயத்தின் சாரம்' என்ற நூலால் புகழ்பெற்ற அறிஞர் என்பது ஒன்று. 1933 முதல் நாஜி ஆட்சியின் கீழ் ஜெர்மானிய யூதர்களின் பேரவைக்குத் தலைமை தாங்கியவர் என்பது மற்றொன்று. அவருடைய குடும்பத்துக்கும் 1945க்குப் பிந்தைய பதினோரு ஆண்டுகளுக்கும் பிற்சேர்க்கைபோல் சில வரிகளே கிடைக்கின்றன. இது சரியான கணிப்பு அன்று. பெக்கின் சிந்தனை முதுமையில்தான் முழுமை பெற்றது. அந்த முழுமைக்கான வேர் அவருடைய குடும்பத்தில் இருந்தது.

1873இல் அன்றைய பிரஷ்யாவின் லிஸ்ஸா நகரில் பிறந்த பெக்குக்குத் தந்தை சாமுவேலே ஆசான்; அவரும் ரபி. யூத மரபில் ஓய்வுநாள் விளக்கும் பாஸ்கா விருந்தும் வீட்டுக்குள் நிகழும் வழிபாடுகள். அதனால் ஒரு ரபியின் இல்லறம் அவருடைய பணியிலிருந்து பிரிக்க முடியாதது. மனைவி நத்தாலி 1937இல் மறைந்தார். மகள் ரூத் 1939இல் குடும்பத்துடன் லண்டனில் குடியேறினார். வெளிநாடு செல்ல வாய்ப்புகள் வந்தும் பெக் பெர்லினிலேயே இருந்தார். மகளை விட்டு அவர் சமூகத்தைத் தேர்ந்தார் என்று இதைச் சொல்வதுண்டு. குடும்பத்துக்கு அவர் கொண்டிருந்த கடமையுணர்வே சமூகம் வரை விரிந்தது என்று கொள்வதே பொருத்தம். 1943 ஜனவரியில், எழுபதை நெருங்கிய வயதில், அவர் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய சகோதரிகள் மூவர் அதற்கு முன்பே அங்கு இறந்திருந்தனர். நான்காமவரும் சிறிது காலத்தில் இறந்தார்.

பகலில் குப்பை வண்டி இழுத்த அவர், இரவில் சக கைதிகளுக்குப் பிளேட்டோவையும் காண்டையும் பற்றி உரையாற்றினார். 'இந்த மக்கள்: யூத வாழ்வு' என்ற தம் கடைசிப் பெருநூலின் ஒரு பகுதியையும் முகாமிலேயே எழுதினார். கிறித்தவ அறிஞர் ஹார்னாக்குக்கு மறுமொழியாக எழுந்த முதல் நூல், யூத சமயம் எதைக் கற்பிக்கிறது என்று கேட்டது. கடைசி நூலோ, ஒரு மக்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி வாழ்ந்து வருகிறார்கள் என்று கேட்கிறது. கோட்பாடு நின்ற இடத்துக்கு மக்கள் வந்துவிட்டார்கள். இம்மாற்றத்தின் விதை 1922இல் வெளிவந்த முதல் நூலின் திருத்திய பதிப்பிலேயே உண்டு, இழப்பைக் காரணமாக்குவது மிகை என்று ஒருவர் மறுக்கலாம். விதை இருந்தது உண்மைதான். ஆனால் தந்தை வழி வந்த மரபை வாழ்ந்து, உடன்பிறந்தோரை இழந்து, பேத்தியையும் கண்ட ஒருவருக்குத் தலைமுறை என்பது வெறும் கருத்தாக இருந்திருக்க முடியாது. கடைசி நூலுக்குக் கனம் தருவது அதுவே.

இதைவிடக் கடுமையான மறுப்பும் உண்டு. ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் நச்சுவாயுவால் கொல்கிறார்கள் என்று 1943இல் அறிந்தும் பெக் தெரேசியன்ஷ்டாட்டில் அதை வெளியிடவில்லை. சாவை எதிர்நோக்கி வாழ்வது சாவைவிடக் கொடியது என்று அவர் கருதினார். 1963இல் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் இதைக் கண்டித்தார். கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. கெட்ட செய்தியைப் பிள்ளைகளிடம் மறைக்கும் தகப்பனின் பரிவு இங்கே செயல்பட்டது. கேட்க வேண்டியவர்களோ தம் முடிவைத் தாமே எடுக்கும் உரிமையுள்ள பெரியவர்கள். குடும்ப அறத்தைச் சமூகத்துக்கு விரித்தவரின் எல்லையும் இந்த இடத்தில்தான் தெரிகிறது. அதை மறைத்து அவரைப் போற்றுவது அவருக்கே நேர்மையாகாது.

1945இல் விடுதலையாகி லண்டனில் மகள் குடும்பத்தோடு சேர்ந்தார். ஓய்ந்திருக்க எல்லா நியாயமும் இருந்தும், முற்போக்கு யூத சமயத்தின் உலகச் சங்கத்தை வழிநடத்தினார். அமெரிக்காவின் சின்சினாட்டியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். தம் மக்களைக் கொன்ற ஜெர்மனிக்குச் சென்று அங்குள்ளோரோடு பேசினார். ஜெர்மானிய யூதர்களின் வரலாற்றைத் திரட்ட 1955இல் அவர் பெயரால் ஜெருசலேம், லண்டன், நியூயார்க் நகரங்களில் ஆய்வு நிறுவனம் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் ஆனார். 1956 நவம்பரில் மறையும்வரை கடைசி நூலில் உழைத்தார். அதன் இரண்டாம் பகுதி மறுஆண்டில் வெளிவந்தது. அழிவிலிருந்து மீண்டவர் நினைவுகளைக் காத்தால் போதாது, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும் என்பதை அவர் தம் முதுமையால் நிலைநாட்டினார். பெக்கைப் படிக்கத் தொடங்குவோர் இந்தப் பதினோரு ஆண்டுகளிலிருந்தே தொடங்கலாம்.