பெருங்குடற் புற்றுநோய்ச் சோதனையும் மருந்தாளரும்

ரொறொன்ரோவுக்குக் கிழக்கே, மோட்டார் வாகனத் தொழிலால் பெயர் பெற்ற நகரம் ஒஷாவா. அங்குள்ள மருந்துக்கடைகளுக்கு ஒரு காலத்தில், பலர் அறியாத ஒரு பணி இருந்தது.

ஒன்ராறியோ மாகாணம் 2008இல் 'கோலன் கான்சர் செக்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மாகாணம் முழுவதற்குமான இத்தகைய திட்டம் கனடாவில் இதுவே முதலாவது. 50 முதல் 74 வயது வரையானோர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டிலேயே மல மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கசிவை அது காட்டும். குடும்ப வைத்தியர் இல்லாதவர்களுக்குச் சோதனைப் பொதியை வழங்கியவர்களில் மருந்தாளரும் ஒருவர். மூன்று முறை மாதிரி எடுக்க வேண்டும், வைற்றமின் சி தவிர்க்க வேண்டும் என்பதையும் அவரே விளக்கினார்.

2019 ஜூனில் 'ஃபிற்' என்ற புதிய சோதனை வந்தது. இதற்கு ஒரு மாதிரி போதும். உணவுக் கட்டுப்பாடு இல்லை. பொதி இப்போது ஆய்வுகூடத்திலிருந்து தபாலில் வருகிறது. வைத்தியர் இல்லாதவர்கள் 811 என்ற சுகாதார இலக்கத்தை அழைத்துக் கேட்கலாம். பார்சலோனாவிலோ பொதியைக் கொடுப்பதும் திரும்பப் பெறுவதும் இன்றும் மருந்தகங்கள் வழியாகத்தான்.

பொதி கைமாறிப் போனாலும் மருந்தாளரின் வேலை முடியவில்லை. மூலநோய்க் களிம்பு, மலமிளக்கி, இரும்புச்சத்து மாத்திரை ஆகியவற்றைச் சீட்டின்றி வாங்க வருபவரை முதலில் காண்பவர் அவரே. இரத்தம் போவதை 'மூலந்தானே' என்று மாதக்கணக்கில் களிம்பு பூசிச் சமாளிப்பவர்கள் நம்மில் பலர். இரத்தம் கண்ணுக்குத் தெரிந்தால் தபால் சோதனைக்குக் காத்திருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருந்தால் இச்சோதனை போதாது. குடல் உள்நோக்கிச் சோதனையே தேவை. அதை 50 வயதில், அல்லது அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாக, எது முந்தியதோ அப்போது தொடங்க வேண்டும்.

இந்நோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு முளைகளிலிருந்து பல ஆண்டுகளில் மெல்ல வளர்வது. முளையாக இருக்கும்போதே அகற்றிவிட்டால் புற்றுநோயே வராமல் தடுக்கலாம். மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் நம் மூத்தோரிடம், 'ஐயா, அந்தச் சோதனை செய்தாச்சா?' என்று தமிழிலேயே கேட்கும் மருந்தாளர், தம்மையறியாமல் ஓர் உயிரைக் காக்கிறார்.